மலையில் ஓட்டினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி:

ஐயா, நான் சேலம் கன்னங்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். பத்து மாதத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் 64,000 ரூபாய்க்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். 24,000 ஜிபேயில் அனுப்பினேன், மிச்சம் 40,000 சீட்டு எடுத்த பணம், கையில் கொடுத்தேன். பில் 38,000-க்குத்தான் போட்டார்கள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர், ஏற்காடே ஏறும் என்றார்கள். விளம்பர நோட்டீஸிலும் அப்படியே போட்டிருந்தது. அந்த நோட்டீஸை அலமாரித் தட்டில் விரித்திருந்தேன், இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். நாலாவது மாதத்தில் இருந்தே 30 கிலோமீட்டருக்கு மேல் சார்ஜ் நிற்கவில்லை. மூன்று தடவை சொன்னேன், "ஓட ஓட செட் ஆகிடும்மா" என்றார்கள். போன மாதம் என் வீட்டுக்காரர் பையனைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காடு கிளம்பினார். நாலாவது கொண்டை ஊசி வளைவில் கருகின வாடையோடு வண்டி நின்றுவிட்டது, டெம்போ பிடித்து இறக்கிக்கொண்டு வந்தோம். மலையில் ஓட்டினதால் வாரண்டி கிடையாது, மோட்டாருக்கும் அதற்குக் கரண்ட் அனுப்பும் கன்ட்ரோலருக்கும் 14,000 கட்டுங்கள், பேட்டரிக்குக் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார் கடைக்காரர். வாரண்டி அட்டையில் இருக்கும் ஹரியானா நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. "சீனா சாமான், அந்த விலைக்கு அவ்வளவுதான்" என்று வேறு சொல்கிறார். கேஸ் போட்டால் வக்கீல் பீஸே வண்டி விலையைத் தாண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அலமாரித் தட்டு. சேலத்தில் இத்தனை வருடமாக நுகர்வோர் வழக்கு பார்க்கிறேன், வாரண்டி அட்டையைவிட இந்த மாதிரி தற்செயலாகத் தப்பிப் பிழைத்த துண்டுக் காகிதம்தான் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் இருக்கட்டும், துடைக்கிறேன் என்று அச்சை அழித்துவிடாதீர்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் புகார் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நீங்களே நின்று பேசலாம். நோட்டரி, ஜெராக்ஸ், தபால் செலவு, நாலைந்து நாள் அலைச்சல், அவ்வளவுதான். கம்பெனி ஹரியானாவில் இருக்கிறதே என்றும் யோசிக்க வேண்டாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்ததில் இருந்து, வாங்கினவர் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 1986 சட்டத்தில் அந்த வசதி இல்லாததால் வெளியூர் கம்பெனிகள் நன்றாக ஆட்டம் காட்டின. இப்போது சேலம் ஆணையத்திலேயே கடை, கம்பெனி இரண்டு பேரையும் நிறுத்தலாம், இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பதிவும் செய்யலாம். பீஸ் வாங்கிப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டு குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டி எழுதியிருக்கிறீர்கள், கடைக்காரருக்கு அதுதான் வசதி. பிரித்துப் பாருங்கள். பேட்டரி படுத்தது நாலாவது மாதத்தில். மோட்டார் கருகினது போன மாதம். அதாவது, வண்டி மலைப் பக்கம் போவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே 80 கிலோமீட்டர் 30 ஆகிவிட்டது. அப்புறம் எப்படி அந்த மலை பேட்டரியைக் கெடுத்திருக்கும்? இந்த ஒரு தேதி வரிசையை வைத்தே அவருடைய பாதிப் பேச்சு அடிபட்டுப் போகிறது. ஆனால் அதற்கு நீங்கள் நாலாவது மாதமே சொன்னீர்கள் என்று காட்ட வேண்டும். மூன்று தடவை சொன்னேன் என்கிறீர்கள், எப்படிச் சொன்னீர்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாலும் போதும், "அண்ணா சார்ஜ் நிக்கல" என்று அனுப்பிய குரல் பதிவுகூட ஆகும். போனில் மட்டும் பேசியிருந்தால், எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் என்பது போனிலேயே இருக்கிறதா பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம்.

இப்போது வண்டியின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். செங்கல் மாதிரி நாலு அல்லது ஐந்து கறுப்புப் பெட்டிகள் வரிசையாக ஒயரில் கோத்திருந்தால் அது ஈய-அமில பேட்டரி, உங்கள் விலைக்குப் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 60. இதில் ஒன்று நொண்டினாலும் மற்ற நாலும் அதோடு சேர்ந்து நின்றுவிடும், அதனால்தான் சார்ஜ் முள் முழுசாகக் காட்டிவிட்டு அடுத்த தெருவில் விழும். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, ராத்திரி சார்ஜ் போட்டு, கழற்றி நாலைந்து மணி நேரம் சும்மா விட்ட பிறகு, ஒவ்வொரு பெட்டியிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பெட்டி 12.7, 13 என்று காட்டும். ஒன்று மட்டும் 10.5 பக்கத்தில் நின்றால், அதன் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம், ஒரு அறைக்கு 2 வோல்ட்டும் கொசுறும்தான் கணக்கு. அளக்கும்போது மீட்டரும் பெட்டியின் மேல் பொறித்திருக்கும் சீரியல் நம்பரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். ஆனால் ஏதாவது ஒரு பெட்டி பக்கவாட்டில் உப்பியிருந்தால் இதெல்லாம் வேண்டாம், சார்ஜரைத் தொடவே தொடாதீர்கள். நல்ல பேட்டரியாகவே இருந்தாலும் மாடிப்படிக்கு அடியிலும் படுக்கிற அறையிலும் ராத்திரி சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள்.

இன்னொன்று. பேட்டரி கடைக்காரர்கள் பழைய பெட்டியைக் கொடுத்தால் புதுசில் இத்தனை ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்பார்கள். மாவு வியாபாரம் நிற்கிறதே என்று எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அந்தப் பெட்டிகள்தான்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. பின்சக்கரத்தின் நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதுதான் மோட்டார். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், வோல்ட், வாட் என்று பொறித்திருக்கும். ஸ்டிக்கராக இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள், பிய்க்க வேண்டாம்.

அங்கே என்ன எண் இருக்கிறது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம் என்று சொல்லி விற்க வேண்டுமானால் மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைச் சோதித்து அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் சான்றிதழ் கொடுத்திருக்கவும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி அப்படித்தான் சொல்கிறது. உங்கள் மோட்டாரில் 250-க்குள்தான் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது ஏற்காடு ஏறும் என்பது பச்சைப் பொய், கணக்குப் போட்டே காட்டலாம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். வண்டி, பேட்டரி, உங்கள் வீட்டுக்காரர், பையன் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 650 வாட்-மணி சக்தி வேண்டும். 250 வாட் மோட்டார் மூச்சுவிடாமல் உழைத்தாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் காற்று, உராய்வு, சூட்டில் வீணாவது எதையும் சேர்க்காமல். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தச் சின்ன மோட்டார் ஏறியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். நாலாவது வளைவு வரை போனதே அதன் நல்ல மனசு.

அப்படி இல்லாமல் 800, 1000 என்று ஏதாவது போட்டிருந்தால்? அப்போது வண்டி ஏறியிருக்கலாம், ஆனால் அது பதிவே வேண்டாத வண்டி என்று விற்றது தவறு. அது சட்டப்படி மோட்டார் வாகனம், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். சில கடைகளில் சீட்டுக்கு அடியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒற்றை ஒயரைப் பிடுங்கிவிட்டு "இப்ப 45 போகும் பாருங்க" என்று பெருமையாகக் காட்டிக் கொடுப்பார்கள். உங்களுக்கும் அப்படிச் செய்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். 250-க்குள் என்றால் விளம்பரம் பொய், அதற்கு மேல் என்றால் விற்றதே தவறு. கடைக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொள்கிறார். ஆனால் இரண்டாவது வகை என்றால் அது தெரிந்த பிறகு நீங்களும் அதைத் தெருவில் ஓட்டக்கூடாது, ரிப்பேர் ஆகி வந்தாலும் ஓட்டக்கூடாது. விபத்து ஒன்று நடந்தால் மொத்தமும் உங்கள் தலையில் விழும்.

மலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள். இல்லை என்றால் அது அவர் இப்போது கண்டுபிடித்த நிபந்தனை. இருந்தாலும் பரவாயில்லை. ஏறும் என்று நோட்டீஸ் அடித்து வண்டியை விற்றுவிட்டு, கருகினதும் ஏற்றினது உங்கள் தப்பு என்றால் ஆணையம் ஏற்றுக்கொள்ளுமா? ஒரு பொருளின் திறனைப் பற்றி முறையான சோதனை எதுவும் இல்லாமல் உத்தரவாதம் கொடுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தில் இருக்கிறது. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டமும், இந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் பேச்சை நம்பி வாங்கினால் பொருள் அந்த வேலைக்கு லாயக்காக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பக்கம் ஒரு பலவீனமும் உண்டு, இரண்டு பேர் போனது. எதிர்தரப்பு முதல் கேள்வியாகவே அதைக் கேட்கும். மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பின்சீட்டும் கால் வைக்கிற கம்பியும் போட்டு விற்றது அவர்தானே.

வண்டி இப்போது உங்கள் வீட்டில் இருப்பது நல்லதாகப் போயிற்று. என் கதையைச் சொல்கிறேன், வெளியில் சொல்லக் கூச்சம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு இதே மாதிரி ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். சார்ஜ் நிற்கவில்லை என்று கடையில் விட்டேன், நாலு நாள் கழித்து "பேட்டரி சர்வீஸ் பண்ணியாச்சு சார்" என்று கொடுத்தார்கள், முன்னைவிட மோசமாக ஓடியது. திறந்து பார்த்தால் ஐந்து பெட்டியில் இரண்டு வேறு நிறம். நான் விட்டபோது எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்ததா என்று எனக்கே சந்தேகம், ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, வண்டியை விட்டதற்கு அத்தாட்சியான ஜாப் கார்டும் வாங்கவில்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற வக்கீல் வாயை மூடிக்கொண்டு புது பேட்டரி வாங்கினேன், வீட்டில் அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை. அதனால் சொல்கிறேன், எல்லாப் பெட்டியின் சீரியல் நம்பர், மோட்டார் நம்பர், கன்ட்ரோலர் நம்பர், சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், இத்தனையும் எழுதி கடை முத்திரையோடு கையெழுத்து வாங்காமல் வண்டியை யாரிடமும் விடாதீர்கள். அவர்கள் மோட்டாரைப் பிரித்தால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது பிரிக்கவே வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். சாவியை எடுத்துவிட்டு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றாமல் விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால், ஒன்று கன்ட்ரோலர் ஷார்ட் ஆகியிருக்கும், இல்லை மோட்டார் சுருள் கருகியிருக்கும். மோட்டாருக்குப் போகும் மூன்று தடி ஒயர்களைக் கழற்றிய பிறகு லேசாகச் சுற்றினால் கோளாறு கன்ட்ரோலரில், அப்போதும் பிடித்தால் மோட்டாரில். அந்த ஒயரை நீங்கள் கழற்ற வேண்டாம், சீல் உடைந்தது என்று பழி வரும். எதற்குச் சொல்கிறேன் என்றால், கன்ட்ரோலர் மட்டும் போயிருந்தால் செலவு மோட்டாரைவிடக் குறைவு. எதையும் பிரித்துப் பார்க்காமலேயே இரண்டுக்கும் சேர்த்து 14,000 என்கிறாரே, அது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேளுங்கள்.

அப்புறம் அந்த "சீனா சாமான்" பேச்சு. மோட்டாரும் கன்ட்ரோலரும் சீனாவில் இருந்து வந்திருக்கலாம், சார்ஜரில் 'பி.ஆர்.சி.' என்று போட்டிருந்தால் அதுவும் சீனாதான். உஷி, தியான்ஜின் மாதிரி ஊர்களில் இந்த வண்டிகளுக்குப் பெரிய பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன, நல்லதும் அங்கேதான் செய்கிறார்கள், மட்டமானதும் அங்கேதான். வாங்குகிறவன் எந்த விலைக்குக் கேட்கிறானோ அந்தத் தரம். நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யச் சொன்னால் என்ன டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்று முதலில் கேட்பார்கள் இல்லையா, அதே கதைதான். டச் குறைந்த கொலுசை நல்ல வெள்ளி என்று சொல்லி விற்றுவிட்டு, கறுத்துப் போனதும் வெள்ளி வந்த ஊர் அப்படி என்று ஒரு கடைக்காரர் சொன்னால் சும்மா விடுவீர்களா?

முழு வண்டியாக இறக்கினால் சுங்க வரி அதிகம், அதனால் உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி ஒரு பெயர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அந்தப் பெயர் இரண்டு வருடத்தில் காணாமல் போகும், அதே வண்டி வேறு பெயரில் வரும். நீங்கள் அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை. உங்களிடம் பணம் வாங்கினது கடை, உங்களோடு பேரம் பேசினதும் கடை, உங்கள் ஒப்பந்தம் கடையோடுதான். "நான் விக்கிறவன் மட்டும்தான்" என்பது செல்லாது. 2019 சட்டத்தில் பொருளால் உடம்புக்கோ மற்ற சொத்துக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, தயாரிப்பாளர் யார் என்றே தெரியாவிட்டால், அல்லது அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பு என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியே கெட்டுப்போவதை அந்த அத்தியாயம் கணக்கில் எடுக்காது, அதனால் உங்கள் புகார் சாதாரண பொருள் குறை, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்றுதான் போக வேண்டும். சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கம்பெனியையும் விட்டுவிடக்கூடாது, இரண்டாவது எதிர்தரப்பாகச் சேருங்கள். பெயர், முகவரிக்கு சார்ஜர் வந்த அட்டைப்பெட்டி பரணில் கிடக்கிறதா பாருங்கள், இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் சட்டப்படியான பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தா என்பதும் வரும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, வாரண்டி அட்டையில் 06 என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால் அது ஹரியானா பதிவு.

பில் விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான், ஆனால் அந்த நேரத்தில் வரி மிச்சம் என்று சொன்னால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள். 38,000-க்கு பில் இருக்கிறது, 24,000-க்கு ஜிபே இருக்கிறது, பில் தொகைக்குள் அந்த ஜிபே அடங்கிவிட்டது என்று அவர் சொல்வார். 64,000 என்று விலை சொன்ன செய்தி வாட்ஸ்அப்பில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லை என்றால் சீட்டு எடுத்த தேதி உள்ள பாஸ்புக், கூட வந்த ஆளின் பிரமாணப் பத்திரம், அதே வண்டிக்கு அந்தக் கடை இப்போதும் சொல்லும் விலை, இதையெல்லாம் சேர்க்க வேண்டும். முழுத் தொகைக்கு பில் கொடுக்காததையும் புகாரில் தனியாக எழுதுங்கள், பில் கொடுக்க மறுப்பதும் புதுச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். ஆனால் ஜிஎஸ்டி ஆபீசில் மாட்டிவிடுவேன் என்று அவருக்கு மிரட்டல் செய்தி அனுப்பாதீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு வாதம் கட்டாயம் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "இவங்க மாவு வியாபாரத்துக்கு வாங்கினாங்க, வணிக நோக்கம், நுகர்வோரே இல்ல." கேட்டதும் பதறாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கின பொருள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான், சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான், கூடமாட ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே "வீட்டில் மாவு அரைத்து விற்று அதில்தான் குடும்பம் நடத்துகிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

செய்ய வேண்டியதை இந்த வாரமே செய்யுங்கள். முதலில் 1915-க்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பெரிய கம்பெனிகள் இதற்கே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன், சின்னக் கடைகள் கண்டுகொள்வதில்லை, ஆனாலும் புகார் எண் ஒரு ஆதாரமாகும். கூடவே கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை, வெள்ளைத் தாளில் இப்படி எழுதினால் போதும்:

"இன்ன தேதியில் உங்கள் கடையில் இன்ன சேஸிஸ் எண் கொண்ட ஸ்கூட்டரை 64,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் ஓடும், ஏற்காடு ஏறும் என்று உங்கள் நோட்டீஸில் அச்சடித்திருந்தீர்கள். நாலாவது மாதத்தில் இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடவில்லை, இன்னின்ன தேதிகளில் தெரிவித்தும் சரிசெய்யவில்லை. இன்ன தேதியில் மோட்டார் பழுதாகி நின்றது. இந்த வண்டிக்கான சோதனைச் சான்றிதழின் நகலைத் தர வேண்டும். 15 நாளுக்குள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும், தவறினால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

கோபமாக ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். ஹரியானாவுக்குப் போன தபால் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அப்படியே ஆணையத்தில் கொடுக்கலாம். சான்றிதழ் நகல் கேட்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு அவரிடம் பதில் இருக்காது என்பது என் ஊகம்.

புகார் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அதற்காக "அடுத்த வாரம் வாங்க"வை நம்பி இழுக்க வேண்டாம். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கேட்டால் 15 நாள் கூடுதல், அதற்கு மேல் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது. வழக்கை மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிஜத்தில் ஒரு வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சோதிக்க ஒரு நிபுணர் வேண்டும் என்று நீங்களே மனுப் போடுங்கள், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடத்தில் இருந்து ஒரு மின்துறை ஆசிரியரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள், ஜெயித்தால் கேட்டு வாங்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் ஆசையை ரொம்ப வளர்க்க வேண்டாம். ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மாற்றித் தரத்தான் சொல்ல முடியும், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கடைக்காரர் தரப்பில் நீட்டுவார்கள். நம் பதில், இங்கே பாகமும் கிடைக்கவில்லை, கம்பெனியும் இல்லை, விற்றபோது சொன்னதும் பொய், எதை மாற்றித் தருவீர்கள் என்பது. அதனால் முதல் கோரிக்கை முழுப் பணம், இல்லாவிட்டால் புது பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர், இப்படி இரண்டையும் எழுதுங்கள். வியாபாரம் நின்ற நாட்களுக்கு ஆட்டோவில் மாவு அனுப்பின செலவுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றில் இருந்தாவது ஒரு நோட்டில் குறியுங்கள்.

நடுவில் கடைக்காரர் இறங்கி வந்தால்? கடிதம் கைக்குப் போனதும் பல பேர் இறங்குவார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு 50,000 கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், மாவு புளிக்கிற வீட்டில் ஒரு வருடம் வழக்கு நடத்துவது சும்மா இல்லை. புது பேட்டரி மட்டும் மாற்றித் தருகிறேன், மோட்டாருக்குப் பாதி கொடுங்கள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இலவசமாகவே எல்லாம் மாற்றித் தருவதாக இருந்தால் சீரியல் நம்பர்களோடு, முத்திரையோடு, ஒரு வருட வாரண்டியை எழுதி வாங்கிக்கொண்டு சம்மதிக்கலாம், மோட்டாரில் 250-க்குள் இருந்தால் மட்டும்.

முதலில் அந்தச் சக்கரத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். என்ன எண் இருக்கிறது என்று போட்டோவோடு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, கடிதத்தில் இன்னும் இரண்டு வரி எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.